புதுச்சேரிக் கடலில் அலைச்சறுக்கு: முதல் வகுப்புக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிறவர்கள் கடற்கரைச் சாலை, ஆரோவில், பாரடைஸ் பீச் என்று போட்டுக்கொள்ளும் பட்டியலில் இப்போது அலைச்சறுக்கும் சேர்ந்திருக்கிறது. நகருக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பத்தில், பயணிகள் செரினிட்டி பீச் என்று சொல்லும் கரையில் இதற்கான பயிற்சி நடக்கிறது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனபின், இந்த ஆர்வம் இன்னும் கூடியிருந்தால் வியப்பில்லை.

முதல் வகுப்புக்கு வருகிறவரின் மனத்தில் பெரும்பாலும் பாலித் தீவிலோ ஹவாயிலோ எடுக்கப்பட்ட காணொளி ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கரைக்கு வெகுதொலைவில், கடலடிப் பாறைத் திட்டின்மேல் அலை ஒழுங்காக உடைகிறது. நம் சோழமண்டலக் கரையின் இயல்பு வேறு. பல இடங்களில் மணல் சரிவாக இறங்குகிறது, அலை கரைக்கு மிக அருகில் வந்து சடாரென்று உடைகிறது, மணல்திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன, இடையிடையே கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. இங்கே புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, காணொளியில் பார்த்த கடலை இங்கே எதிர்பார்ப்பதிலிருந்து தொடங்குகின்றன என்பதே என் கணிப்பு.

கரையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த நகர்வைச் சுவர்கள் மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. கடற்கரைச் சாலையோரம் கருங்கற்கள் குவிந்திருப்பதற்கும், அரிப்பு அடுத்தடுத்த மீனவக் கிராமங்களுக்குப் பரவியபோது அங்கெல்லாம் தூண்டில் வளைவுகள் போடப்பட்டதற்கும் இதுவே காரணம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே அண்மை ஆண்டுகளில் மணல் திரும்பியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த மணலைத் தேக்குவதற்கென்று கடலுக்குள் நிறுவப்பட்ட அமைப்பு நீருக்கடியில் இருக்கிறது. ஆகவே, கற்களும் மறைந்த கட்டுமானமும் உள்ள அப்பகுதியில் பலகையை இறக்கிப் பழக நினைப்பதே முதல் தவறு.

இதைவிட ஆபத்தான தவறு, தூண்டில் வளைவை ஒட்டி அமைதியாகத் தெரியும் நீரை நம்புவது. அலைகள் மணல்திட்டின்மேல் உடைந்து கரைக்குத் தள்ளிய நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஆழமான தடத்தைத் தேடிப் பாய்கிறது. கல் வளைவின் ஓரம் அத்தகைய தடம் உருவாக ஏற்ற இடம். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை, நுரை இல்லை, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கிறது. நுரைக்குப் பயந்த புதியவர் விலகி விலகி அந்த இடத்துக்கே போய்ச் சேருகிறார். கடல் இழுக்கிறது என்று கரையோர மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நீரோட்டத்தைத்தான். தேர்ந்த சறுக்குநர்கள் கைவலிக்காமல் உள்ளே போவதற்கு அதே இழுப்பைப் பயன்படுத்திக்கொள்வதைப் பார்த்து, பின்தொடர்ந்து போகிறவர்களும் உண்டு.

இழுப்பில் அகப்பட்டால் கரையைக் குறிவைத்து எதிர்நீச்சல் போடுவதும், பதற்றத்தில் பலகையை விட்டுவிடுவதும் செய்யக் கூடாதவை. பலகை மிதக்கும், அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்திப் பயிற்சியாளருக்குக் காட்டிவிட்டு, கரைக்கு இணையாக, கற்களை விட்டு விலகும் திசையில் துழாவ வேண்டும். தடத்தின் அகலத்தைக் கடந்ததும் உடையும் அலைகளே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். இதை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கரையில் நின்று பயிற்சியாளரிடம் ஒருமுறை சொல்லிக்காட்டுவது நல்லது.

கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சின் அகன்ற மணல் வேறுவகை மயக்கத்தைத் தருகிறது. பலகை ஒன்று கையில் கிடைத்தால் தாமே பழகிவிடலாம் என்று அந்த மணலைப் பார்த்தால் தோன்றும். வடக்கே தாழங்குடா அருகே பெண்ணையாறும், தெற்கே கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கும் பகுதி அது. முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டுகள் நிலையாக இருப்பதில்லை. நீர்வற்றம் தொடங்கும்போது ஆற்றுநீர் கடலுக்குள் வேகமாக ஓடுகிறது. மழைக்குப் பிந்தைய நாள்களில் மரக்கட்டையும் கழிவும் சேர்ந்து வருகின்றன. முகத்துவாரங்களிலிருந்து நன்றாக விலகியே நிற்க வேண்டும், தனியாக இறங்கவே கூடாது.

நாளையும் நேரத்தையும் விடுமுறைக்கு ஏற்ப முடிவுசெய்வது

நமக்குத் தீபாவளி, அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு எல்லாம் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கடல் மிகவும் முரடாக இருப்பதும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. புயல் இல்லாத நாளிலும் அந்த மாதங்களில் காற்றலைகள் ஒழுங்கின்றி மோதுகின்றன, நீர் கலங்கியிருக்கிறது. விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று என்பதற்காகப் பயிற்சியாளரை வற்புறுத்துவதைக் காட்டிலும், அந்தக் காலையை நகரத்துத் தெருக்களிலோ அருங்காட்சியகத்திலோ கழித்துவிடுவது மேல். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் பொதுவாகத் தணிந்திருக்கும். கோடையிலிருந்து தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகள் கிடைக்கத் தொடங்கும். முதல் வகுப்புக்குத் தேவை இடுப்பளவு நீரும், உடைந்து வெண்ணுரையாக உருண்டுவரும் சிறிய அலையும் மட்டுமே.

நேரத்தைப் பொறுத்தவரை விடியலை விட்டுவிடாதீர்கள். காலையில் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்துச் சீராக வைத்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று திசை மாறி வீசத் தொடங்கும். அதன்பின் அலை குலைந்துபோகும், வெயிலும் தாங்காது. பத்து மணிக்கு இட்லி வடையை முடித்துவிட்டு நிதானமாக வருகிறவர்கள் அன்றைய நல்ல கடலைத் தவறவிட்டவர்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவெல்லாம் வண்டியோட்டி வந்து தூங்காமல் நேரே கடலில் இறங்குவதும் தவறு. முந்தின இரவு குடித்த மது முழுவதும் தெளியாத நிலையில் இறங்குவது, புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது, உயிரோடு விளையாடுவது.

கடல்நிலை முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நாள்தோறும் வெளியிடுகிறது. அதைப் பார்க்கிறவர்களும் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அலைகளுக்கு இடையிலான நொடிக்கணக்கைக் கவனிப்பதில்லை. இரண்டு அலைத்தொடர்களும் ஒரு மீட்டர் உயரமே என்றாலும், 6 நொடிக்கு ஒன்றாக வருவதைவிட 12 நொடிக்கு ஒன்றாக வருவது ஏறக்குறைய இருமடங்கு ஆற்றலைச் சுமந்துவருகிறது. தொலைகடலில் பிறந்த அந்த நெடிய அலைகள் கூட்டமாக வந்து, இடையே சிலநிமிடம் ஓய்ந்திருக்கும். எனவே கரைக்கு வந்தவுடன் இறங்காமல் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அன்றைய பெரிய அலை எது என்று தெரியும்.

பயிற்சியாளரும் பலகையும்

நீச்சல் தெரியுமா என்று கேட்காத பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள். எத்தனை பேருக்கு ஒருவர், அவர் நீரில் உடன் நிற்பாரா அல்லது கரையிலிருந்து குரல் கொடுப்பாரா, மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் பெற்றிருக்கிறாரா, பன்னாட்டு சர்ஃபிங் சங்கத்தின் பயிற்றுநர் சான்று உண்டா என்பவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல பயிற்சியாளர் இக்கேள்விகளை விரும்பவே செய்வார். நம் பக்கத்துக்காரர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பலகை காலில் கட்டியிருப்பதால் நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பது. லீஷ் எனப்படும் அந்தக் கால்கயிறு அறுந்துபோகக் கூடியது, அதன் ஒட்டுப்பட்டை கழன்றுபோகக் கூடியது. அது பலகை தொலைந்துபோகாமல் இருப்பதற்கும் பிறர்மேல் மோதாமல் இருப்பதற்கும் கட்டப்படுவது. நீச்சல்குளத்தில் நான்கு சுற்று நீந்தத் தெரிந்தவரும் கடலில் மூச்சுவாங்குவார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பலகை விஷயத்தில் அழகுக்கு ஆசைப்படக் கூடாது. படத்தில் எடுப்பாகத் தெரியும் குட்டையான, கூர்முனைப் பலகை உங்கள் எடையைத் தாங்கி மிதக்காது. எட்டு ஒன்பது அடி நீளமும் மேலே மென்னுரைப் பூச்சும் கொண்ட அகன்ற பலகையே கற்பவருக்கு உரியது. அது தலையில் பட்டாலும் கண்ணாடியிழைப் பலகை அளவுக்குக் காயப்படுத்தாது.

உடை பற்றி இருபாலருக்கும் சொல்ல வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சுடிதாரும் நனைந்தால் கனத்து இழுக்கும், துப்பட்டா காலிலோ கயிற்றிலோ சுற்றிக்கொள்ளும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டையும் அரைக்கால் அல்லது முழுக்கால் இறுக்க உடையும் போதும். பலகையில் உராய்ந்து வயிறும் முட்டியும் சிராய்க்காமல் அவை காக்கும். மோதிரம், மெட்டி, கொலுசு, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை அறையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், மஞ்சள் கயிறாக இருந்தாலும் சங்கிலியாக இருந்தாலும், இறுக்கமான சட்டைக்குள் அது வெளியே வராதபடி அடக்கிக்கொள்வது அவசியம்.

நீருக்குள் நடப்பவை

அலை வரும் திசைக்கும் தனக்கும் நடுவே பலகையைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான் புதியவர்கள் அதிகம் செய்கிறார்கள். சிறிய நுரைகூட அந்தப் பலகையைத் தூக்கி நெஞ்சிலோ பல்லிலோ அறைந்துவிடும். பலகை எப்போதும் உடலுக்குப் பக்கவாட்டில், அதன் முனை அலையை நோக்கி இருக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பதும் அதே அளவு தவறு. அலை வெட்டி இழுக்கும்போது விரல் முறியும்.

அடுத்தது படுக்கும் இடம். அதிகம் முன்னே படுத்தால் முனை நீரில் குத்தி, ஆள் தலைகுப்புற விழுவார். அதிகம் பின்னே படுத்தால் வால் அமிழ்ந்து பலகை நகரவே நகராது, அலை அடியில் நழுவிப் போய்விடும். முனை நீருக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தெரியும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே உங்கள் மோவாய் எந்தக் கோட்டுக்கு நேராக வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியதில்லை.

எழுந்து நிற்பதில் எல்லாருக்கும் அவசரம். நுரை பலகையைத் தொட்டவுடனே துள்ளி எழுகிறவர்கள், பலகை இன்னும் அலையின் வேகத்தைப் பெறவில்லை என்பதை உணர்வதில்லை. அலை தள்ளிய பிறகும் இரண்டு முறை துழாவி, பலகை சறுக்குவது வயிற்றில் தெரிந்த பிறகே உள்ளங்கைகளை விலா எலும்புக்கு அருகே பலகையின்மேல் ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல் உடலை உயர்த்தி, இரு பாதங்களையும் ஒருசேரக் கொண்டுவர வேண்டும். விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பலகை ஆடும். முதலில் முட்டி போட்டுப் பிறகு எழலாம் என்று பழகுகிறவர்கள், அந்தப் பழக்கத்தை விடுவதற்குப் பின்னால் படும் பாடு பெரிது. இதை மணலில் கோடு கிழித்துப் பலமுறை செய்து பார்ப்பதைச் சிலர் குழந்தை விளையாட்டாக நினைத்துச் சிரித்துக்கொண்டே கடக்கிறார்கள். வகுப்புக் கட்டணத்தில் பாதி அந்த மணற்பயிற்சிக்குத்தான் என்பேன்.

நின்றபின் கால்களைப் பார்க்கக் கூடாது. பார்வை கீழே போனால் தலை குனியும், தலை குனிந்தால் எடை முன்னே சாயும். முட்டியை மடக்கி, கரையிலுள்ள தென்னையையோ படகையோ பார்த்துக்கொண்டிருப்பது போதும்.

விழாமல் யாரும் கற்றதில்லை. ஆனால் தலை முன்னே போகப் பாய்வது மிகப் பெரிய தவறு, ஏனெனில் நீங்கள் பழகுவது இடுப்பளவு நீரில். அடியில் இறுகிய மணல். உட்காருவதுபோலவோ முதுகைத் தட்டையாக வைத்தோ பக்கவாட்டில் விழுந்து, நீருக்குள்ளேயே இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, பிறகு ஒரு கையை முன்னே நீட்டியபடி மெதுவாக மேலே வர வேண்டும். பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தலையைத் தூக்குகிறவர்களுக்குத்தான் நெற்றியில் காயம்.

கடலில் தொழில்செய்கிறவர்கள்

இந்தக் கரை முதலில் மீனவர்களுடையது. காலையில் கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறுகளுக்கு நடுவே உள்ள நீர் உங்களுக்கு உரியதன்று. வலை கரையேறும் வரை காத்திருக்க வேண்டும். ஃபைபர் படகு அலையைக் கடக்கும் வேளையில் ஓட்டுபவரால் எளிதில் திருப்பவோ நிறுத்தவோ முடியாது என்பதால், விலக வேண்டியவர் நீங்கள்தான். அன்று சொறி (ஜெல்லி மீன்) அதிகமா, எந்தப் பக்கம் இழுப்பு இருக்கிறது என்பதை அவர்களிடம் கேட்டால் எந்தச் செயலியைவிடவும் சரியாகச் சொல்வார்கள். சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவிவிட்டுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ கடும் வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கைமேல் மிதிக்காமலிருக்க, நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடப்பது நல்ல வழக்கம்.

வகுப்பின் கடைசிக் கால்மணியில் தோள் சோர்ந்துபோகும், துழாவும் கை நீரைத் தள்ளாது. இன்னும் ஒரே ஓர் அலை என்று பயிற்சியாளரிடம் கெஞ்சாமல் அப்போதே கரையேறிவிட வேண்டும். பயணத்தின் முதல் நாள் காலையிலேயே வகுப்பை வைத்துக்கொண்டால் இது எளிது; கைகால் வலி குறைய ஒருநாள் விட்டு, ஊர் திரும்புமுன் அதே பயிற்சியாளரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போகலாம்.