சச்சினா, லாராவா: வாதத்தில் சறுக்கும் இடங்கள்

கிரிக்கெட்டில் பெரிய மட்டையாளர் இந்தியாவின் சச்சினா, மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாராவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் வாதிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுவதுதான் பொறுக்கவில்லை. நான் சச்சின் கட்சி; முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய தவறு, அணியின் வெற்றி தோல்வியை ஒரே ஆளின் தலையில் கட்டுவது. 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். 82 ஓட்டத்துக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. முதுகுவலியோடு, நயன் மோங்கியாவின் துணையில் சச்சின் 136 எடுத்தார். சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தது வாசிம் அக்ரம் கையில் போய் விழுந்தது. அப்போது தேவை 17 ஓட்டம். கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் சேர்ந்து நான்கு ஓட்டம்தான் தேற்றின. பழி மட்டும் சச்சினுக்கு: முடித்துக்கொடுக்கத் தெரியாதவராம்.

இரண்டே மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்ஜ்டவுன் டெஸ்ட். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 308. லாரா 153 எடுத்து, கடைசிவரை நின்று, ஒரு விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்துக் கொடுத்தார். அற்புதமான ஆட்டம்தான். ஆனால் வெற்றிக்குச் சற்று முன்பு அவர் கொடுத்த கேட்சை இயன் ஹீலி நழுவவிட்டார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு அம்ப்ரோஸ் உடன் நின்று 54 ஓட்டம் சேர்த்தார். கடைசி ஆளான வால்ஷ் ஓட்டமே எடுக்காமல் தாக்குப்பிடித்தார். ஹீலி அந்தக் கேட்சைப் பிடித்திருந்தால் லாராவுக்கும் சச்சினுக்குக் கிடைத்த பெயர்தான். 2001இல் இலங்கையில் மூன்று டெஸ்டில் 688 ஓட்டம் குவித்தார் லாரா, மூன்றிலும் தோல்வி. அவரையும் முடிக்கத் தெரியாதவர் என்பதா?

அடுத்தது சராசரி. டெஸ்டில் சச்சின் 53.78, லாரா 52.88. ஒரு ஓட்டம்கூட வித்தியாசமில்லாததற்கு எவ்வளவு கூச்சல்! சராசரி என்பது ஓட்டத்தை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுப்பது. சச்சின் 33 முறை ஆட்டமிழக்காமல் நின்றவர், லாரா ஆறே முறை. மொத்த ஓட்டத்தை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் சச்சினுக்கு 48.4, லாராவுக்கு 51.5. என் கட்சிக்கு வலிக்கிற கணக்கு. உடனே நான் எத்தனை இன்னிங்ஸுக்கு ஒரு சதம் என்று மாற்றிப் போடுவேன்: சச்சின் 6.5, லாரா 6.8. நமக்கு வேண்டிய விடை வரும்வரை வகுத்துக்கொண்டே போகலாம்.

லாரா ஒரே இன்னிங்ஸில் எடுத்த 400 என்றதும், தொடர் கைவிட்டுப் போன பிறகு அடித்தது, ஆட்டமும் டிரா என்போம். சச்சினின் 248 வங்கதேசத்திடம் என்று பதில் வரும். இரண்டும் உண்மை, இரண்டும் வீம்புக்குச் சொல்வது. ஒருநாள் ஆட்டத்தை இதில் கலக்கவே கூடாது. அங்கே சச்சினின் 49 சதத்துக்கு எதிரே லாராவுக்கு 19.

எங்கள் வீட்டில் லாரா கட்சி சித்தப்பா. அவரிடம் எண்ணே கிடையாது. செய்தித்தாளைச் சுருட்டி, லாராவின் மட்டையைப் போல் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.