சம்பளக் கணக்கில் பிழை கூடிக்கொண்டே போனால்

யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றின் மூன்று கிளைகளுக்கு நான் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். 2025 ஜனவரியில் மூன்று பேருடைய சம்பளம் பிழைத்தது. பெப்ரவரியில் ஆறு, மார்ச்சில் ஒன்பது, ஏப்ரலில் பதினான்கு. மென்பொருளை மாற்றிவிடுவோம் என்றார் முதலாளி. ஒரு கிழமை பொறுக்கச் சொன்னேன்.

முதலில் ஒரு கொப்பியை எடுங்கள். பிழைத்த ஒவ்வொருவருக்கும் பெயர், கிளை, வேலையில் சேர்ந்த திகதி, சம்பளத் துண்டில் எந்த வரி பிழை, எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது, கையால் திருத்தியது யார் என்று எழுதுங்கள். கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். மாத முடிவில் அவசரமாகக் கையால் சேர்க்கும் தொகைதான் காரணத்தை மூடி மறைக்கிறது.

அடுத்து, பிழை தொடங்கிய மாதத்தைப் பிடியுங்கள். எங்கள் கடையில் எல்லோரும் ஏப்ரலைத்தான் குறை சொன்னார்கள். அந்த மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 ரூபாவானது. வருமான வரி விலக்கு மாதம் 1,00,000 ரூபாவிலிருந்து 1,50,000 ரூபாவுக்கு உயர்ந்தது. ஆனால் பிழை ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. ஏப்ரலில் வந்த மாற்றம் ஜனவரிப் பிழைக்குக் காரணமாக முடியாது.

பிறகு ஒரே ஒருவருடைய கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். நான் எடுத்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபா. ஏப்ரல் துண்டில் 33,600 என்றிருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 2,688 கழிக்கப்பட்டிருந்தது. 33,600க்கு அது சரியான கழிவு. ஆகவே மென்பொருளின் கணக்கில் பிழையில்லை, அதற்குள் போன தகவலில்தான் பிழை. குறைந்த 2,400 ரூபா, முப்பது நாள் மாதத்தில் சரியாக இரண்டு நாள் சம்பளம். அவர் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

பிழைத்தவர்களை மட்டும் பார்த்தால் இந்த இடத்தில் நின்றுவிடுவீர்கள். பிழைக்காத ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள். கொடிகாமத்துக் கிளையில் மார்ச் 3ஆம் திகதி சேர்ந்தவருக்கு எல்லாம் சரி. மறுநாள், 4ஆம் திகதி சேர்ந்த, நான் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்குப் பிழை. 18ஆம் திகதி சேர்ந்தவருக்கும் சரி. இந்த மூன்று திகதிகளையும் கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் கிளைக்கு ஜனவரியில் புதிய கணினி வந்திருந்தது. அதில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக, அமெரிக்க முறையில் திகதி அமைந்திருந்தது. 04/03 என்று அடித்தால் அது ஏப்ரல் 3. ஆகவே அவருக்கு ஏப்ரல் 1, 2 இல்லாமல் போயின. மார்ச்சில் பெயரே வராததால் கையால் சேர்த்திருந்தார்கள். 03/03ஐ எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். பதினெட்டாம் மாதம் இல்லாததால் 18/03ஐ மென்பொருள் ஏற்கவில்லை; அதைத் திருத்திப் பதிந்தார்கள். ஜனவரி 6இல் சேர்ந்தவர் ஜூன் 1இல்தான் சேருவதாகக் கணக்கில் நின்றார். பழைய பிழை தீராமல் புதியவர்களும் சேர, எண்ணிக்கை ஏறியது.

எக்செல் தாளிலேயே இதைக் காணலாம். திகதியாக ஏற்றுக்கொண்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஏற்காதவை வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் 1.98E+11 போல மாறியிருக்கிறதா, வங்கிக் கிளை இலக்கத்தின் முன்னால் நின்ற பூச்சியங்கள் போய்விட்டனவா என்றும் பாருங்கள்.

கண்டுபிடித்தவுடன் திருத்திவிடாதீர்கள். பிரதியொன்றில் அந்த ஒரு திகதியை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். எனக்கு 36,000 வந்தது. பழையபடி மாற்ற 33,600 வந்தது. அதன் பிறகே நம்பினேன். பதினான்கில் பதினொன்றுக்கு இதுதான் காரணம். இரண்டு, மின்தடைக்குப் பின் கைவிரல் அடையாள இயந்திரத்தின் மணிக்கூடு பிழைத்ததால் வந்தவை. ஒன்று, பதியாமல் விட்ட சம்பள உயர்வு.

குறைந்த காசை அடுத்த சம்பளம் வரை இழுத்தடிக்க வேண்டாம். 2,400இல் 8 வீதக் கழிவு போக, 2,208 ரூபா கையில் குறைந்தால் சீட்டுக் கட்ட முடியாமல் தவிப்பவர்கள் எங்கள் கடையில் இருக்கிறார்கள். அன்றே கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவரே கட்டும் 3 வீதமும் குறைந்திருந்தன. ஏப்ரலுக்கான பணத்தை மே மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதால் அவற்றையும் அதற்குள் சரிசெய்தோம்.