பழச்சாறுப் பாட்டிலைத் திருப்பிப் படிப்பது எப்படி?

குளிர்பானம் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் உறுதியாக மறுத்துவிடும் பெற்றோர்கூட, பழங்களின் படம் அச்சிட்ட சிறிய பாக்கெட் ஒன்றை அதே பிள்ளையின் பைக்குள் நிம்மதியாக வைத்து அனுப்புகிறார்கள். பழத்திலிருந்து வந்தது உடலுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே அந்த நிம்மதிக்குக் காரணம். அந்த அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முடிவெடுக்கத் தேவையான தகவல் பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துக் கணக்கிட இரண்டு நிமிடங்கூட ஆகாது என்பதால், அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

கிராமைக் கரண்டியாக மாற்றுங்கள்

ஊட்டச்சத்து அட்டவணையில் 'மொத்தச் சர்க்கரை' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது 100 மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் தரப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பாட்டிலின் கொள்ளளவால் பெருக்கி 100ஆல் வகுத்தால், பாட்டில் முழுவதிலும் உள்ள சர்க்கரையின் எடை கிடைக்கும். அந்த எடையை மேலும் 4ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு கிடைக்கும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம் எடை கொண்டது.

500 மில்லி பாட்டில் ஒன்றில், 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டில் முழுவதிலும் இருப்பது 65 கிராம், அதாவது பதினாறு தேக்கரண்டி. சில லேபிள்களில் இதே விவரம் 'ஒரு பரிமாறும் அளவு' என்ற கணக்கில் இருக்கும். பரிமாறும் அளவு 200 மில்லி என்று அந்தப் பாட்டிலில் குறித்திருந்தால் 26 கிராம் என்ற எண் மட்டுமே கண்ணில் படும். தாகத்தோடு பாட்டிலைத் திறந்தவர் இரண்டரைப் பங்கையும் ஒரே மூச்சில் குடித்துவிடுவார் என்பது அந்த எண்ணில் தெரியாது. ஆகவே அட்டவணையைப் பார்க்கும்போது, அந்த எண் எவ்வளவு பானத்துக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள்.

எண்ணைப் படிப்பது வேறு, அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஒருமுறை சாப்பாட்டு மேசையில் 200 மில்லி பிடிக்கும் கண்ணாடி டம்ளர் ஒன்றை வைத்து, மேலே சொன்ன கணக்குப்படி சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் காட்டினேன். அருகில் நின்று எண்ணிக்கொண்டிருந்த என் மகள் எட்டாவது கரண்டியிலேயே "இன்னுமா இருக்கு?" என்று கேட்டாள். பதினாறு கரண்டியும் போட்டு முடித்தபோது டம்ளரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை நின்றது. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் இதைப் பற்றி நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே 'தனிச் சர்க்கரை'யிலிருந்து வர வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் கூடுதல் நன்மை உண்டு என்றும் அது கூறுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். மேலே கண்ட ஒற்றைப் பாட்டிலே முதல் வரம்பைத் தாண்டிவிடுகிறது. குழந்தைகளுக்குத் தேவைப்படும் கலோரி குறைவு என்பதால் அவர்களுக்குரிய வரம்பு இன்னும் கீழே இருக்கும்.

பழத்தின் சொந்தச் சர்க்கரையும் கணக்கில் வரும்

நன்கு படித்தவர்களும் தவறவிடும் இடம் இதுதான். தயாரிப்பாளரோ சமைப்பவரோ சேர்க்கும் சர்க்கரையை மட்டும் உலக சுகாதார நிறுவனம் தனிச் சர்க்கரை என்று சொல்லவில்லை. தேன், பாகு, பழச்சாறு, பழச்சாற்றின் அடர்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையும் அதில் சேர்த்தே கணக்கிடுகிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை அது இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே பழம், ஒரே சர்க்கரை, அப்படியிருக்க இந்த வேறுபாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். முழுப் பழத்தில் சர்க்கரை, நார்ச்சத்து நிறைந்த செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பல்லால் மென்று, வயிற்றில் கரைந்து, மெதுவாகத்தான் அது வெளியே வரும். பிழிந்து வடிகட்டியதும் அந்தச் சுவர்கள் உடைந்துவிடுகின்றன, நாரின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் தண்ணீரில் கரைந்து தயாராக நிற்கிறது. ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று அல்லது நான்கு பழங்கள் தேவைப்படும். நான்கு ஆரஞ்சுகளை உரித்து, சுளை சுளையாகத் தின்று முடிக்க எவ்வளவு நேரமாகும், அதற்குள் வயிறு எப்படி நிறைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே அளவு கார்போஹைட்ரேட் கொண்ட முழு ஆப்பிளையும் ஆப்பிள் கூழையும் ஆப்பிள் சாற்றையும் ஒப்பிட்டது. சாற்றை முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகமாக உட்கொள்ள முடிந்தது. வயிறு நிறைந்த உணர்வு சாற்றில் குறைவாகவும், இரத்தத்தில் இன்சுலின் ஏற்றம் அதிகமாகவும் இருந்தன.

எனவே ஒரு துளிச் சர்க்கரையும் சேர்க்காத நூறு சதவீதச் சாறாக இருந்தாலும், 250 மில்லியில் ஆரஞ்சுச் சாறு ஏறத்தாழ 21 கிராமும், ஆப்பிள் சாறு 25 கிராமும், திராட்சைச் சாறு 35 கிராமும் சர்க்கரை கொண்டிருக்கும். அதே அளவு கோலா பானத்தில் இருப்பது சுமார் 26 கிராம். இதனால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆரஞ்சுச் சாற்றில் வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் ஆகியவை இருக்கின்றன, கோலாவில் அவை இல்லை. ஆனால் சர்க்கரை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், பழத்தின் பெயரைக் கேட்டு உடல் எந்தச் சலுகையும் தருவதில்லை.

பெயரையும் பட்டியலையும் படிப்பது

முன்பக்கத்தில் பழத்தின் படம் எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, பானத்தின் வகைப் பெயரைத் தேடுங்கள். சாறு என்பது ஒன்று, நெக்டர் என்பது வேறு, 'பழப் பானம்' என்பது இன்னும் வேறு. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2005இல் வகுத்த தரத்தின்படி, நெக்டர் என்பது சாற்றோடு தண்ணீரும், தேவைப்பட்டால் சர்க்கரையும் சேர்த்தது. பல பழங்களுக்கு அதில் இருக்க வேண்டிய குறைந்தபட்சச் சாறு 25 முதல் 50 சதவீதம் வரைதான். பழப் பானத்தில் சாறு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 'பழச் சுவையுடன்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் பழமே இல்லாமலும் போகலாம்.

அடுத்து மூலப்பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் அது எழுதப்படும். ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர், சர்க்கரை, மாதுளை அடர்சாறு, திரவ குளுக்கோஸ், ஆப்பிள் அடர்சாறு, சிட்ரிக் அமிலம், நறுமணம், நிறமி. படத்தில் மாதுளை பிளந்து முத்து முத்தாகத் தெரிந்தாலும், பட்டியலில் அது சர்க்கரைக்குப் பின்னால் மூன்றாவதாக வருகிறது. திரவ குளுக்கோஸும் சர்க்கரைதான். ஆப்பிள் அடர்சாறு அங்கே இனிப்புக்காகவே சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சாற்றிலிருந்து தண்ணீரை நீக்கினால் எஞ்சுவதில் பெரும்பகுதி சர்க்கரையே. இப்படி ஒரே பொருள் மூன்று பெயர்களாகப் பிரிந்து நிற்கும்போது, ஒவ்வொன்றும் வரிசையில் கீழே போய்விடுகிறது. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், மால்டோஸ், இன்வர்ட் சிரப், உயர் ஃபிரக்டோஸ் சோளப் பாகு, கரும்புச் சாறு, தேன் என எது இருந்தாலும் அதைச் சர்க்கரைக் கணக்கிலேயே சேருங்கள். பட்டியலின் நடுவே சாதுவாக நிற்கும் சிட்ரிக் அமிலத்தையும் கவனியுங்கள்: அதன் புளிப்பு இனிப்பை மட்டுப்படுத்துவதால், சர்க்கரை எவ்வளவு என்பதை நாக்கால் மதிப்பிட முடியாமல் போகிறது. 'அவ்வளவு இனிப்பாக இல்லையே' என்பது இந்த விஷயத்தில் நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்; ஆனால் சர்க்கரை இல்லை என்பது அதன் பொருள் அல்ல. சில லேபிள்களில் மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை என்று இரண்டு வரிகள் இருக்கும். நூறு சதவீதச் சாற்றில் இரண்டாவது வரி பூஜ்யம் என்று காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வரி. 'சர்க்கரையற்றது' என்று எழுதிய பானங்களில் சுக்ரலோஸ், அஸ்பார்டேம், ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகள் இருக்கக்கூடும். உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

கடையில் நின்று நீண்ட கணக்குப் போட நேரமில்லை என்றால், பிரிட்டனில் பாக்கெட்டுகளின் நிற அடையாளத்துக்குப் பயன்படும் எல்லைகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பானங்களில் 100 மில்லிக்கு 2.5 கிராம் வரை இருந்தால் குறைவு, 11.25 கிராமைத் தாண்டினால் அதிகம்.

எதைக் குடிப்பது

தாகத்துக்குத் தண்ணீரை மிஞ்சியது எதுவும் இல்லை. வெறும் தண்ணீர் சலிப்பூட்டினால் எலுமிச்சை வில்லை, வெள்ளரித் துண்டு, புதினா இலை ஆகியவற்றில் ஒன்றைப் போட்டுக் குளிரவைத்துக் குடிக்கலாம். இனிப்பில்லாத தேநீர், காபி, சோடா ஆகியவையும் சரியே. பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரை இருந்தாலும், அது பாலின் இயல்பான லாக்டோஸ் என்பதால் தனிச் சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் சுவையூட்டிய பாலுக்கு மீண்டும் லேபிளைத் திருப்ப வேண்டும். பழம் வேண்டும் என்றால் பழமாகவே தின்னுங்கள். வீட்டில் பிழிந்த சாறும் சாறுதான். வடிகட்டாமல் அரைத்தால் நார் ஓரளவு தங்கும் என்றாலும், மெல்லாமல் குடிக்கும் வேகம் குறைவதில்லை.

பல ஆண்டுகளாக இனிப்புப் பானத்துக்குப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்த முயன்றால் பெரும்பாலும் மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். அதைவிட, முதல் வாரம் முக்கால் பங்கு சாறும் கால் பங்கு தண்ணீரும், அடுத்த வாரம் பாதிக்குப் பாதி, அதற்கடுத்த வாரம் கால் பங்கு சாறு என்று படிப்படியாக மாற்றினால் நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பழைய பானத்தைச் சுவைத்துப் பாருங்கள். தொண்டையில் ஒட்டுவதுபோல் இனிக்கும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் தெளிவான அளவுகளைத் தந்திருக்கிறது. மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாலன்றி ஒரு வயது நிறையும்வரை சாறு வேண்டாம். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் 120 மில்லி. நான்கு முதல் ஆறு வரை 120 முதல் 180 மில்லி. ஏழு வயதுக்கு மேல் 240 மில்லி. அதுவும் நூறு சதவீதச் சாறுக்கே. பால்புட்டியில் சாற்றை ஊற்றிக் கையில் கொடுத்துத் தூங்கவைப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் சர்க்கரையும் அமிலமும் பல்லின் மேல் நீண்ட நேரம் தங்கும். பழச்சாறுகளின் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் இருக்கிறது. பல்லின் எனாமல் 5.5க்குக் கீழேயே கரையத் தொடங்கிவிடும். பெரியவர்களும் சாற்றைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதைவிட, உணவோடு சேர்த்துக் குடித்து முடித்துவிடுவது நல்லது.

மருந்து உட்கொள்பவர்கள் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் என்னும் பம்பளிமாஸ் இனச் சாறு, சிம்வாஸ்டாடின் போன்ற கொழுப்புக் குறைப்பு மருந்துகள் சிலவற்றின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துபவர்கள் ஆரஞ்சுச் சாற்றை மருத்துவரிடம் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையுள்ள சாறு தேவைப்படும் நேரமும் ஒன்று உண்டு. இன்சுலின் அல்லது சில நீரிழிவு மாத்திரைகள் எடுத்துக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்பட்டால், விரைவில் சேரக்கூடிய 15 கிராம் சர்க்கரை உடனே வேண்டும்; அரை டம்ளர், அதாவது சுமார் 120 மில்லி பழச்சாறு அதைத் தரும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் அதே அளவைத் திரும்பத் தர வேண்டும். விழுங்க முடியாத நிலையிலோ மயக்கத்திலோ இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். இனிப்பூட்டி சேர்த்த 'சர்க்கரையற்ற' பானம் அந்த நேரத்தில் சிறிதும் பயன்படாது. ஆகவே அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் சிறிய சாறு பாக்கெட்டுகள் இரண்டு எப்போதும் இருக்கட்டும். அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.