சல்சாவின் முதல் எட்டு எண்ணிக்கை

சல்சா நடனம் பழக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வி, "எந்த ஸ்டைலில் ஆரம்பிக்கலாம்? லாஸ் ஏஞ்சலஸா, நியூயார்க்கா, கியூபாவா?" என்பதுதான். மூன்றிலும் எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடி, இரண்டு நிறுத்தம். எந்த எண்ணில் உடம்பு திசை மாறுகிறது, ஜோடி நேர்கோட்டில் ஆடுகிறதா வட்டமாகச் சுற்றுகிறதா என்பதை வைத்தே ஸ்டைல் பிரிகிறது. ஓர் அடிப்படை அடி காலில் உட்கார்ந்துவிட்டால், மற்ற இரண்டுக்கும் அதிலிருந்தே போய்விடலாம்.

சல்சாவின் வேர், கிழக்குக் கியூபாவில் பிறந்த சோன் இசை. ஸ்பானியரின் கிதாரும் பாட்டும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் அதில் கலந்தன. அந்த இசை ஹவானா வழியாக நியூயார்க் போனது. 1950களில் மன்ஹாட்டனின் பல்லேடியம் அரங்கில் அதன் வழிவந்த மாம்போ என்ற இசையும் நடனமும் கொடிகட்டிப் பறந்தன. 1964இல் இசைக்கலைஞர் ஜானி பசேகோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம், நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிகன் கலைஞர்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. 1970களில் 'சல்சா' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. ஸ்பானிய மொழியில் அதற்கு சாஸ் என்று பொருள்.

முதலில் காது

பாட்டைப் போட்டு, 15 விநாடியில் எத்தனை பீட் வருகிறது என்று எண்ணுங்கள். 40 வந்தால் நிமிடத்துக்கு 160. தொடக்கத்துக்கு இதுதான் சரியான வேகம். 50 வந்தால் 200 ஆகிறது, அதை இரண்டு மாதம் கழித்துத் தொடுங்கள்.

அடுத்து கிளாவே. இரண்டு மரக்குச்சிகளைத் தட்டும் ஐந்து தட்டு அது. வாயால் எட்டு எண்ணிக்கொண்டே 1, இரண்டரை, 4, 6, 7 ஆகிய இடங்களில் கை தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு. சில பாட்டுகளில் இது தலைகீழாக, இரண்டு முன்னும் மூன்று பின்னுமாக வரும். கிளாவே கேட்காத பாட்டில் கோங்கா மத்தளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலிலும் நாலரையிலும் 'தும்-தும்' என்று இரண்டு திறந்த அடி விழும். எட்டிலும் எட்டரையிலும் அப்படியே. அதை அடுத்து வருவது 5 அல்லது 1. இரண்டில் எது என்பதைப் பாடகரின் வரி எங்கே புதிதாகத் தொடங்குகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ஐந்தாறு பாட்டு உட்கார்ந்தே கேளுங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பின்னால் 5இல் ஆரம்பித்துவிட்டுப் பாட்டு முழுக்கத் தடுமாறுகிறார்கள்.

அடிப்படை அடி

பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். லீட் செய்பவருக்கு, அதாவது ஜோடியில் ஆட்டத்தை நடத்துபவருக்கு:

1 – இடக்கால் முன்னே
2 – வலக்கால் நின்ற இடத்திலேயே, எடை அதற்கு மாறுகிறது
3 – இடக்கால் நடுவுக்கு
4 – நிறுத்தம்
5 – வலக்கால் பின்னே
6 – இடக்கால் நின்ற இடத்தில்
7 – வலக்கால் நடுவுக்கு
8 – நிறுத்தம்

ஃபாலோ செய்பவர், அதாவது அவரைத் தொடர்ந்து ஆடுபவர், கண்ணாடிபோல 1இல் வலக்காலைப் பின்னே வைத்து, 5இல் இடக்காலை முன்னே வைப்பார்.

அடியின் நீளம் உங்கள் ஒரு பாதத்தின் நீளம், அவ்வளவே. எட்டி வைத்தால் 2இல் திரும்ப நேரம் போதாது. தாளம் ஓட, நீங்கள் துரத்துவீர்கள். புதியவர்களிடம் அதிகம் காணும் தவறு இதுதான். முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு குதிகால் இறங்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் உடம்பு பின்னுக்குச் சாய்ந்துவிடும்.

4ஐயும் 8ஐயும் வெறும் ஓய்வாக நினைக்க வேண்டாம். 3இலும் 7இலும் வைத்த காலுக்கு முழு எடையும் மெதுவாக இறங்கும் நேரம் அது. சோதிக்க வழி உண்டு: 4இல் நின்று மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தள்ளாடினால் எடை பாதிதான் மாறியிருக்கிறது, அடுத்த அடி தாமதமாகத்தான் வரும். இடுப்பும் இங்கேதான் பிறக்கிறது. ஒரு முழங்கால் மடங்கி மறு கால் நிமிரும்போது இடுப்பு தானாகச் சாயும். வலிந்து ஆட்டினால் செயற்கையாகத் தெரியும்.

ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியைத் தவிருங்கள். தரையை அது கவ்விக்கொள்வதால் சுற்றும்போது திருகல் முழங்காலில் விழும். தோல் அடியுள்ள காலணி நல்லது.

ஒரு வலச்சுற்று

லீட் செய்பவர் 1-2-3இல் வழக்கமான அடியை வைத்து, 3இல் தன் இடக்கையை எதிரில் இருப்பவரின் நெற்றிக்குச் சற்று மேலே உயர்த்துவார். ஃபாலோ செய்பவர் 5, 6, 7இல் மூன்று அடியில் வலப்புறமாக ஒரு முழுச் சுற்று முடிப்பார். விரல்கள் கொக்கிபோலத் தளர்ந்திருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். கையைத் தூக்கத் தாமதித்தால் எதிரில் இருப்பவருக்குச் செய்தியே போய்ச் சேராது. சுற்று குலைந்தால் பெரும்பாலும் காரணம் இந்தத் தாமதம்தான்.

இங்கிருந்து மற்ற ஸ்டைல்கள்

மேலே சொன்னது 1இல் திசை மாறும், நேர்கோட்டில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் முறை. நியூயார்க் முறையில் 2இலும் 6இலும் திசை மாறும். நடன ஆசிரியர் எடி டோரஸ் எண்ணிக்கையோடு கற்பித்துப் பரப்பிய முறை அது. லீட் செய்பவர் 1இல் இடக்காலைச் சற்றே பின்னே வைத்து, 2இல் வலக்காலைப் பின்னே வைத்து, 3இல் எடையை இடக்காலுக்குத் திருப்புவார். 5இல் வலக்கால் முன்னே, 6இல் இடக்கால் முன்னே, 7இல் எடை வலக்காலுக்கு. கோங்காவின் பளீரென்ற அறையும் 2, 6இல்தான் விழுகிறது. அதனால் ஆட்டம் மத்தளத்தோடு பேசுவதுபோல இருக்கும். ஆனால் 1இல் ஆடும் பழக்கம் உறுதிப்படும்முன் இதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

கியூபாவின் சல்சா முறையான கசீனோ 1950களின் இறுதியில் ஹவானாவின் நடனக் கழகங்களில் உருவானது. குவாபேயா என்ற அடியில் இருவருமே 1இல் பின்னே போய், 5இல் முன்னே வந்து உள்ளங்கையால் ஒருவரையொருவர் மெல்லத் தள்ளுவார்கள். பல ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் கூவும் கட்டளைக்குப் பார்ட்னர் மாற்றி ஆடினால் அது ருயேதா. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது; தவறு செய்தாலும் அடுத்த கட்டளையில் வட்டம் உங்களை இழுத்துக்கொள்ளும்.

கொலம்பியாவின் காலி நகரத்துச் சல்சாவில் மேலுடல் அசையாமல் இருக்க, கால்கள் பறக்கும். அங்கே நிமிடத்துக்கு 33 முறை சுழல வேண்டிய இசைத்தட்டுகளை 45 முறை சுழலும் வேகத்தில் ஓட்டி ஆடினார்கள்.

சா-சா-சா என்ற நடனம் வேறு கணக்கு. 1950களின் தொடக்கத்தில் கியூபாவின் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹோரின் உருவாக்கியது. மாம்போவின் நுணுக்கத் தாளத்தில் கூட்டம் தடுமாறுவதைப் பார்த்து அவர் தாளத்தை எளிதாக்கினார். 2இல் ஓர் அடி, 3இல் ஓர் அடி, பிறகு நாலு, நாலரை, ஒன்றில் விரைவாக மூன்று. வேகம் குறைவு என்பதால், எடை மாறாத கால் இதில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.