ஒரு கேள்விக்குறி போதும்

குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போய்ப் போய் வரும். அப்படி ஒரு மாலையில், நான் எழுதிப் பொதுவில் விட்ட மாட்யூலை (நிரல் தொகுப்பை) பிஎச்பி என்ற நிரல்மொழியின் 8.4 பதிப்பில் ஓட்டினேன். திரை முழுக்க 'டெப்ரிகேட்டட்' எச்சரிக்கை, அதாவது இப்படி எழுதுவது இனி கைவிடப்படும் என்று. காரணம் சின்னதுதான்: ஃபங்ஷனில் ஒரு பாராமீட்டருக்கு (அது வாங்கும் மதிப்புக்கு) 'ஸ்ட்ரிங்', அதாவது எழுத்துத்தொடர், என்று வகை சொல்லிவிட்டு, டீஃபால்ட்டாக 'நல்' (மதிப்பே இல்லை) கொடுத்திருந்தேன். வகைக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு கேள்விக்குறி போட்டால் சரி; 'நல்லும் வரலாம்' என்று அர்த்தம். இது 7.1-லிருந்தே செல்லும், பழைய சர்வரை விடாமல் வைத்திருப்பவர்களுக்கும் உடையாது. நடுவே செங்குத்துக் கோடு போட்டு 'ஸ்ட்ரிங் அல்லது நல்' என்று எழுதினால் பார்க்க அழகுதான், ஆனால் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் பார்ஸ் எரர், அதாவது நிரலைப் படிக்கவே முடியாது என்ற பிழை. அப்புறம், கம்போசர் கோப்பில் (மாட்யூலுக்கு என்னென்ன தேவை என்று சொல்லும் கோப்பு) குறைந்தபட்ச பிஎச்பி பதிப்பைக் குறிப்பிட்டு, டெஸ்ட்டை அதிலும் புதியதிலும் ஓட்டிவிடுங்கள்.