காற்றடிக்கும் டிரையத்லான் ரோட்டுக்கு எந்தச் சைக்கிள் வீல்? கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழகுபவர்களுக்கு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, 60 மி.மீ. ஆழ ரிம் (டயர் ஓரத்திலிருந்து ஆரக்கம்பி வரை உள்ள உயரம்தான் ஆழம்) போட்ட சைக்கிளின் முன் வீல் காவேரிப்பட்டணம் தாண்டினால் கண்டிப்பாக ஆட்டம் காட்டும். டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) புதிதாக வருபவர்கள் எடுத்ததுமே "எத்தனை மி.மீ. போடலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் ரோட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அந்தக் காற்றில் ஏரோ பாரை (குனிந்து, முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் முன் கைப்பிடி) விடாமல் உங்களால் ஓட்ட முடியுமா.

படி 1: ரோட்டையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமக்குக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற ரோடு ஏறக்குறைய நேர் மேற்கு. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று. தொடை எரியுமே தவிர வண்டி அவ்வளவாக ஆடாது. கிருஷ்ணகிரி - தர்மபுரி நெடுஞ்சாலை (என்.எச். 44) வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதே காற்று இங்கே பக்கக்காற்று.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தர்மபுரியை நோக்கித் தெற்கே போகும்போது காற்று வலது பக்கமிருந்து வரும். நீங்களும் உங்களை அறியாமலே வலது பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு லாரி தாண்டிப் போகிறது. அது காற்றை மறைக்கிற அந்த ஒரு நொடி, சாய்ந்த பக்கமே, அதாவது லாரிப் பக்கமே வண்டி இழுக்கும். லாரி போனதும் மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து மோதும். திரும்பி வடக்கே வரும்போது காற்று இடது பக்கம். லாரி மறைக்காது, ஆனால் ஒவ்வொரு வீச்சும் உங்களை ரோட்டின் நடுப்பக்கம் தள்ளும். எனக்கு இந்தத் திரும்பும் வழிதான் பயம். போட்டியில் ரோட்டை அடைத்துத் தருவார்கள், பழகும்போது யார் தருவார்கள்? தொப்பூர் கணவாய் இறக்கத்தில் புது வீலைச் சோதித்துப் பார்க்கும் யோசனையே வேண்டாம்.

போட்டி வெளியூரில் என்றால் வரைபடத்தில் ரோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, விண்டி மாதிரி ஒரு செயலியில் அந்த மாதத்துக் காற்றுத் திசையோடு ஒப்பிடுங்கள். சராசரி வேகத்தைவிடத் திடீர் வீச்சின் வேகம்தான் முக்கியம். நேரத்தையும் பாருங்கள். வெயில் ஏற ஏறத்தான் காற்று வலுக்கும். விடியற்காலையில் தொடங்கும் 20 கி.மீ. சைக்கிள் ஓட்டும் ஸ்பிரிண்ட் என்கிற சின்னப் போட்டி அதற்குள் முடிந்துவிடும், 90 கி.மீ. ஓட்டுபவர் அதில் போய் மாட்டுவார்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

நீங்கள் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், நேர் பக்கத்திலிருந்து 15 கி.மீ. காற்று. நீங்கள் கிழித்துக்கொண்டு போகிற எதிர்காற்றும் சேர்வதால், வீலுக்குக் காற்று முன்னாலிருந்து சுமார் 27 டிகிரி சாய்வில் வந்து படும். நீங்களே 20 கி.மீ. வேகத்தில் போனால் அது 37 டிகிரி ஆகிவிடும். மெதுவாகப் போகிறவருக்குத்தான் கோணம் பெரிது. ஆழமான ரிம் சிறிய கோணத்தில் நன்றாக வேலை செய்யும். கோணம் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று ரிம்மை ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகும், அப்போது ஹேண்டில் சட்டென்று உதறும். வேகமாக ஓட்டும் தொழில்முறை வீரர்களின் வீலைப் பார்த்து அப்படியே வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

படி 3: முன் வீல்

கவனமெல்லாம் இங்கேதான் வேண்டும். முன் வீல் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது. ரிம் ஆழமாக ஆக, முறத்தைக் காற்றுக்குக் குறுக்கே பிடித்த கதைதான்.

என் கணக்கு இது: உடல் எடை 60 கிலோவுக்குள், காற்றில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் முன்னால் 30 - 35 மி.மீ. போதும். எடை கூடுதல், பழக்கமும் உண்டு என்றால் 45 - 50. அதற்கு மேல் போவது நம் ஊர்ப் பக்கக்காற்றில் வீண் வீம்பு. காற்றை எதிர்ப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் உடம்புதான். வீல் ஆடுகிறதே என்று ஏரோ பாரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், ஆழமான ரிம் மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக உங்கள் நெஞ்சே தின்றுவிடும்.

ரிம்மின் வடிவத்தையும் பாருங்கள். உள்விளிம்பு கூராக ‘வி’ மாதிரி முடிகிற பழைய ரிம்மைவிட, அகலமாக ‘யு’ மாதிரி மழுங்கி முடிகிற ரிம் பக்கக்காற்றில் அடக்கமாக இருக்கும். ரிம்மின் வெளி அகலம் டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், 28 மி.மீ. டயர் என்றால் 29 - 30 மி.மீ.

வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி, காற்றுள்ள மத்தியான வேளையில், வண்டி நடமாட்டம் குறைந்த திறந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். காற்று வீசும்போதெல்லாம் கை தானாக ஏரோ பாரிலிருந்து பிரேக்குக்குப் போகிறதா? அப்படியென்றால் அந்த ஆழம் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

படி 4: பின் வீல்

இங்கே தாராளமாக இருக்கலாம். பின் வீல் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவதில்லை. முன்னால் 35, பின்னால் 60 என்று கலந்து போடுவதில் தப்பே இல்லை. முழுத் தட்டு வீல் (ஆரக்கம்பி தெரியாமல் முழுக்க மூடியது) வேண்டாம். ஹவாயின் கோனாவில் நடக்கும் டிரையத்லான் போட்டியில் பக்கக்காற்றுக்காகவே அதைப் பல வருடம் தடை செய்திருந்தார்கள். மற்றப் போட்டிகளிலும் காற்று பலமாக இருந்தால் நடத்துபவர்கள் தடுக்கலாம், விதியைப் படித்துவிடுங்கள்.

படி 5: காசு கொடுக்கும் முன்

வண்டியின் அச்சு வகை, பிரேக் வகை, பின்னாலுள்ள பல்சக்கரம் ஏறும் பாடி, இந்த மூன்றும் பொருந்துகிறதா என்று கடையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரிம் பிரேக் வண்டிக்குக் கார்பன் ரிம் போட்டுக்கொண்டு பென்னாகரம் தாண்டிய மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள், ரிம் சூடாகிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். ரிம்முக்கு டயர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் உள்கொக்கி இல்லையென்றால் காற்று அழுத்தம் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. பஞ்சர் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து அடிப்பதெல்லாம் இதற்குச் சரிவராது, மீட்டர் உள்ள பம்ப் ஒன்று வீட்டில் வேண்டும்.

அப்புறம் வால்வு. 60 மி.மீ. ரிம்முக்கு 80 மி.மீ. வால்வு உள்ள ட்யூப் வேண்டும். சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் உபரி ட்யூபும் அதே நீளமா என்று எடுத்துப் பாருங்கள்.