கணினி ஊர்ந்து போகிறதா? சிபியுவை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

கணினி மெதுவானால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் அடித்து வாங்கி வருவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் அது தேவையே இல்லை. சிபியு என்று இங்கே சொல்வது பெட்டியை அல்ல, அதன் உள்ளே எல்லாக் கணக்கு வேலையையும் செய்யும் சில்லை. எந்த நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று விண்டோஸே பெயர் சொல்லிக் காட்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கீழே உள்ளபடி செய்யலாம்.

1. ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட் டவுன் வேண்டாம்

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி உள்ள கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுமையாக மூடாது. அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அங்கிருந்தே எழும். பழைய சிக்கலும் கூடவே எழுந்துவிடலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். திரை வந்த பிறகு பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விட்டுவிடுங்கள். தொடக்க வேலைகள் அடங்கட்டும்.

2. டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

இப்போது ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி இது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் சிறிய பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தொடுங்கள். 'ப்ராசஸஸ்' பக்கத்தில் 'சிபியு' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எடுக்கும் நிரல் மேலே வரும். வராவிட்டால் இன்னொரு முறை சொடுக்குங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு நிரலைத் திறக்கும்போது எண் ஒரு கணம் 100ஐத் தொடுவது இயல்பு. நீங்கள் எதுவும் செய்யாமல் இருக்கும்போதும் ஒரே பெயர் உச்சியில் உட்கார்ந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள 'டிஸ்க்' வரிசையையும் பார்த்துவிடுங்கள். சிபியு 20 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் வெகுநேரம் 100இல் நின்றால் சிக்கல் சிபியுவில் இல்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் இது மிகவும் சாதாரணம். அதை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமாக, மாற்றுவதுதான் அங்கே உண்மையான மருந்து.

3. பெயரைப் படியுங்கள்

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்றால் விண்டோஸ் டிஃபெண்டர் கோப்புகளைச் சோதிக்கிறது. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட் வேலை நடக்கிறது. இரண்டையும் நிறுத்தாதீர்கள். மின் இணைப்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலும் தானே முடிந்துவிடும். டிஃபெண்டரை நிரந்தரமாக முடக்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' மேலே நின்றால் வன்பொருளிலோ, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலோ கோளாறு இருக்கலாம். யுஎஸ்பியில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 என்று காட்டினால் பயம் வேண்டாம். சிபியு அவ்வளவு தூரம் சும்மா இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

வீட்டுக் கணினிகளில் அதிகம் சிக்குவது பிரவுசர்தான். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்த துணை நிரல்) எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். மூடாமல் விட்ட ஒரு செய்தித்தளம், அதன் விளம்பர வீடியோக்களோடு, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் ப்ராசஸ்' கொடுத்தால் போதும். மற்ற டேப்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

4. தானாகத் தொடங்குபவற்றைக் குறையுங்கள்

டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பக்கம் இருக்கிறது. தினமும் தேவைப்படாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். நிரல் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதுவும் பின்னணியில் ஓடும் இன்னொரு நிரலாகிவிடும்.

5. சூட்டைச் சந்தேகியுங்கள்

எந்தப் பெயரும் சிக்கவில்லை, ஆனாலும் எல்லாமே மந்தம் என்றால் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவைத் திறங்கள். 'பேஸ் ஸ்பீட்', அதாவது சிபியுவின் அடிப்படை வேகம், 2.40 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கனமான வேலை நடக்கும்போதும் 'ஸ்பீட்' 0.80ஐத் தாண்டவில்லை என்றால், சிபியு தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. சும்மா இருக்கும்போது வேகம் குறைவது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதலில் செட்டிங்ஸில் பவர் மோடு மின்சேமிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது சூடு. அளவு மீறிச் சூடானால் சில்லு கருகாமல் இருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் அடியில் உள்ள காற்றுத்துளைகள் அடைபட்டுவிடும், மேசைக்கு மாற்றுங்கள். மேசைக் கணினி என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, சிபியுவின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் இடுக்குகளில் உள்ள தூசியை எடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டில்லாமல் சுழன்றால் கெட்டுவிடலாம். பல ஆண்டுகள் ஓடிய கணினியில், சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் அந்த ஒன்றை மட்டும் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

6. வைரஸ் இருக்கிறதா?

விசிறி இரைந்துகொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும். மூடினால் மறுபடி இரையும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் எச்சரிக்கையாகுங்கள். உங்கள் சிபியுவில் களவாக கிரிப்டோ நாணயம் ஈட்டும் சில நிரல்கள், டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்ளும். கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள்களோடு இவை வந்து சேர்வதுண்டு.

ஐயமான பெயர்மேல் வலது சொடுக்கிட்டு 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். விண்டோஸின் சொந்த நிரல் போலப் பெயர் வைத்துக்கொண்டு தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் அது போலியாக இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' திறந்து, ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும் என்பதால், திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகலாம். அந்த டாஸ்க் மேனேஜர் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபார்மட்தான் வழி என்றால், புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிரைவில் நகலெடுத்த பிறகே கணினியைக் கையில் கொடுங்கள்.